பையை மறந்த கடிகாரக்காரர்

நகராட்சி ஒட்டிய நோட்டீஸைப் படித்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவர் ஊரிலேயே ஒருவர்தான். நம்ம கடிகாரக்காரர். 'இன்று முதல் எந்தக் கடையிலும் பிளாஸ்டிக் பை தரக் கூடாது. மீறினால் அபராதம்.' சுற்றி நின்றவர்களெல்லாம் முணுமுணுத்தார்கள். இவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். நகராட்சியில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களா!

காரணம் இருக்கிறது. மாடிவீட்டுத் தபால்காரரோடு செஸ் ஆடுவது அவருக்கு உயிர். மனுஷன் தூக்கத்தில்கூடக் காய் நகர்த்துகிறவர். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இப்போதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக, தபால்காரருடைய ராஜா மூலையில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற ஆட்டம், பலகையில் அப்படியே காத்திருந்தது. முடிக்க ஒரு முழுச் சாயங்காலம் வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. கடையைப் பூட்டுகிற நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வந்துவிடும். "வரும்போது வெங்காயம், சோப்பு, அப்படியே முட்டை..." மளிகைக் கடையில் நின்று வாங்கிக்கொண்டு வருவதற்குள், விடியலில் எழ வேண்டிய தபால்காரர் படுத்துவிடுவார்.

இனி அந்தக் கவலை இல்லை. பை இல்லாமல் எப்படிச் சாமான் வாங்குவது? சட்டமாச்சே!

அன்றைக்குத் தபால்காரர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஒத்திகையாவது பார்ப்போம் என்று இவர் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"வெங்காயம் எங்கங்க?"

"அதை ஏன் கேக்குற! பிளாஸ்டிக் பை குடுக்க மாட்டாங்களாம். சட்டம் போட்டுட்டாங்க."

"சாப்பாட்டோட துணிப்பை மடிச்சு வச்சேனே?"

"அதக் கடையிலயே மறந்துட்டேன். வயசாகுதில்ல?"

"கையில எடுத்துட்டு வரலாமே."

"முட்டையையா?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பரவாயில்லீங்க. மறதி யாருக்குத்தான் இல்ல" என்றாள்.

பரவாயில்லையாம்! கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் காதால் கேட்டதில்லை. அன்றிரவு படுத்ததும் தூங்கிப்போனார்.

மறுநாள் போனே வரவில்லை. துணிப்பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலி முதுகில் தொங்கிய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, ராஜநடை போட்டு வந்தார். மளிகைக் கடையைத் தாண்டும்போது குரல் வந்தது.

"அண்ணே! சாமான் எடுத்து வச்சிருக்கேன். அண்ணி காலையிலயே சொல்லிட்டாங்க."

"பை இல்லையேப்பா. மறந்துட்டேன்."

"கொஞ்சம் திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்கண்ணே!"

மளிகைக்காரர் கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே நாலு பொத்தான்களைக் கழற்றினார். பொத்தென்று ஒரு பை விழுந்து முழங்கால்வரை தொங்கியது.

கடிகாரக்காரர் கோட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கினார். தையலைப் பார்த்தார். கடிகாரப் பல்சக்கரம்கூட அவ்வளவு ஒழுங்காக இராது. வெங்காயத்துக்குக் காற்றோட்டமான வலை. முட்டைக்குப் பஞ்சு வைத்த தனி அறை. எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்தது! நாள் முழுக்க அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு உறுத்தல் இல்லை. கோபம் வரும் என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. "அடேங்கப்பா!" என்பதுதான் வந்தது. இப்படியொரு கைகாரியோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று உடம்பு சிலிர்த்தது.

கையும் பையுமாக மாட்டிக்கொண்ட மனிதர், முதுகில் பாரத்தோடு நத்தை மாதிரி வீடு வந்து சேர்ந்தார். வீடு பூட்டியிருந்தது. மாடியில் மனைவியின் சிரிப்புச் சத்தம்.

ஏறிப் போனார். அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே தபால்காரர் தலையில் கை வைத்திருந்தார்.

"வாங்க. முட்டை உடையலையே?"

"நீ இங்க என்ன பண்ற?"

"உங்க ஆட்டத்த முடிச்சு வச்சேன். பாவம், எத்தனை நாளா அப்படியே கிடக்கு."

பலகையைப் பார்த்தார். ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் அவர் மறந்தே போயிருந்த சிப்பாயை வைத்து ராஜாவை மடக்கியிருந்தாள். ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது அவருக்குத் தோன்றியிருக்காது. திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

"உனக்கு எப்படி செஸ் தெரியும்?"

"பத்து வருஷமா தூக்கத்துல சொல்லிச் சொல்லி ஆடுறீங்களே. எனக்கென்ன காது செவிடா?"

கடிகாரக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வேற... வேற என்ன சொல்றேன்?"

"நேத்தா? 'குதிரைய எடு, நாளைக்கும் பையை மறந்துட்டேன்னு சொல்லிடு'ன்னீங்க."

அவர் அவசரமாகத் தபால்காரர் பக்கம் திரும்பினார். "போகட்டும். நாளைக்கு நாம புது ஆட்டம் போடுவோமா?"

தபால்காரர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஏதோ அதிசயத்தைக் கண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அண்ணி, நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க" என்றார். பிறகுதான் இவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க வரும்போது எனக்கும் அரை டஜன் முட்டை. அண்ணி தச்ச அந்த அறையில இடம் இருக்குமில்ல?"