சுதந்திர அறை, மாலை நான்கு முதல் ஆறு வரை

முதலாண்டு மாணவர்கள் வீட்டை விட்டு வந்ததும் சுதந்திரத்தைக் கையாளத் தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது ஒரு உயர்மட்டக் குழு. குளிர்சாதன அறையில் பலமுறை கூடி, பலமுறை தேநீர் அருந்தி, பாரபட்சம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு மாணவரைக்கூடப் பார்க்காமல் அந்தக் குழு இந்த முடிவுக்கு வந்திருந்தது. அதன் பலனாக ஒரு சுற்றறிக்கை பிறந்தது.

"முதலாண்டு மாணவர் அனைவரும் வகுப்பு நாள்களில் மாலை நான்கு முதல் ஆறு மணி வரை சுதந்திர அறையில் சுதந்திரமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள். தவறுவோர் அபராதத்துக்கு உள்ளாவர். சுதந்திரக் கட்டணம் பருவக் கட்டணத்தில் ஏற்கனவே சேர்க்கப்பட்டுவிட்டதால் மாணவர்கள் அதுபற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை."

சின்னவள் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று இதைப் படித்தாள். சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். பெரியவள் ஒருத்தி இருந்தாள். அவள் கல்யாணமாகிப் போகும்வரை பெரியப்பாவின் பெயிண்ட் கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யார் உள்ளே வருகிறார்கள், யார் எதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சம்பளம் கிடையாது. பெரியப்பா வீட்டு மாடியில் வாடகை இல்லாமல் குடியிருப்பவர்கள் சம்பளம் கேட்பது அழகில்லை. அவள் போன பிறகு ஸ்டூல் காலியாகிவிட்டது.

"படிக்கட்டும். யார் வேண்டாம்னு சொன்னா?" என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். "பணம் கட்ட முடியலன்னா திரும்பி வரட்டும். ஸ்டூல் எங்க போகப்போகுது?"

அந்த ஸ்டூலுக்கும் சின்னவளுக்கும் நடுவில் நின்றது ஒரு சலவைக்கடை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருந்தது. நான்கு மணிக்கு ஆய்வகக் கோட்டுகளும் பேராசிரியர்களின் சட்டைகளும் துவைத்து வந்து சேரும். ஆறு மணிக்குள் இஸ்திரி போட்டு மடித்து அடுக்க வேண்டும். முதலில் காலர், அப்புறம் கை, கடைசியில் முதுகு. அதில் வரும் கூலிதான் விடுதிச் சாப்பாட்டுக்கு. முகத்தில் ஆவி அடிக்க அடிக்க அவள் அங்கே நின்றாலும், அந்த இரண்டு மணி நேரம் யாரும் அவளை 'எங்க போற, எப்ப வருவ' என்று கேட்டதில்லை. இதுதான் சுதந்திரம் போலிருக்கிறது என்று அவள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுற்றறிக்கையைப் படித்ததும் நேரே சுதந்திர அலுவலரிடம் போனாள். அவளுக்குக் கூச்சம் அதிகம். வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்; மூன்றாவது முறைக்கு அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"நாலு மணிக்கு நான் வேலைக்குப் போறேன் சார். எனக்கு மட்டும் விலக்கு வேணும்."

"யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல சார். நானா தேடிக்கிட்ட வேலை."

அலுவலர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. தானா விரும்பினதைச் செய்றதுதான் சுதந்திரம். ஆனா அதை நீ இங்க வந்துதான் செய்யணும்."

"இங்க இஸ்திரி போடலாமா சார்?"

"அது எப்படி? அறையில பிளக் பாயிண்ட் இல்ல. வெச்சா போனை சார்ஜ் போட்டுட்டு உட்கார்ந்துடுவீங்க."

"அப்போ விலக்கு கொடுங்க சார்."

"கொடுக்கலாமே. விதியில வழி இருக்கு. ஏற்கனவே சுதந்திரமா இருக்கறவங்களுக்கு விலக்கு உண்டு. நீ யாரையும் சார்ந்து இல்லைன்னு வீட்ல பெரியவங்க யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு வா."

வீட்டில் பெரியவர் என்றால் பெரியப்பா. சின்னவள் தன்னைச் சார்ந்து இல்லை என்று கையெழுத்துப் போட அவருக்கு ஏது மனசு? அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சலவைக்கடை அக்கா நல்லவள். ஆனால் துணிகளுக்கு நல்லவள் கெட்டவள் தெரியாது. "நாலு மணிக்கு வர்ற துணி உனக்காக ஆறு மணிவரைக்கும் காத்திருக்குமா, சொல்லு?" என்றாள். "என்ன பண்ணுவாங்களாம் அங்க?"

"சுதந்திரமா இருக்கணுமாம் அக்கா."

"கூலி தர்றாங்களா?"

"நாமதான் கட்டணும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அதுவரை சேர்ந்த கூலியை எண்ணிக் கொடுத்தாள். பிறகு, "பெரிய படிப்புதான்," என்று சொல்லிக் கணக்கை முடித்தாள்.

சுதந்திர அறை அழகாக இருந்தது. நாற்காலி என்பது அடக்குமுறையின் சின்னம் என்று யாரோ கட்டுரை எழுதியிருந்தார்களாம். அதனால் பஞ்சு அடைத்த பெரிய பெரிய மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். சுவரில் ஒரு பறவைப் படம். ஜன்னலுக்குக் கம்பி. கதவருகே ஒரு இயந்திரம். ஒவ்வொருவருக்கும் ஒரு நீலநிறக் கைப்பட்டை தந்திருந்தார்கள். அதை இயந்திரத்தில் காட்டினால், "நீங்கள் இப்போது சுதந்திரமாக இருக்கிறீர்கள்," என்று ஒரு பெண்குரல் சொல்லும். ஆறு மணிக்கு மறுபடி காட்டினால், "நன்றி, உங்கள் சுதந்திரம் முடிந்தது," என்று சொல்லும்.

விடுதியில் சின்னவளின் அறைத் தோழிக்கு 'எளிமை' என்று பெயர். அவளுடைய அப்பாவுக்கு மூன்று ஆலைகள் இருந்தன. அந்தத் துக்கத்தில் அவள் எளிமைக்கு மாறியிருந்தாள். எளிமை அப்போது நல்ல பேஷன். ஒரே ஒரு மண்கிண்ணத்தில்தான் சாப்பிடுவாள். அந்தக் கிண்ணத்தின் விலையில் சின்னவள் ஒரு பருவம் முழுக்க விடுதியில் சாப்பிடலாம். சாயம் போன சட்டைதான் போடுவாள். சாயத்தைப் போக்கித் தர ஒரு கடை இருந்தது. அங்கே புதுச்சட்டையைவிடப் பழைய சட்டைக்கு விலை அதிகம். சின்னவளின் சட்டை எந்தக் கடைக்கும் போகாமல் தானாகவே சாயம் போயிருந்தது. "உனக்கு மட்டும் எப்படிடீ இவ்வளவு இயல்பா வருது?" என்று எளிமை பொறாமைப்பட்டிருக்கிறாள்.

அந்த எளிமை ஒருநாள் தன் கைப்பட்டையைக் கழற்றிச் சின்னவளின் மடியில் போட்டாள்.

"எப்படியும் நீ அங்க போய்த்தானே உட்காரப்போற? என்னுதையும் மாட்டிக்க. எனக்கு நாலு மணிக்கு மௌன வகுப்பு இருக்கு. பேசாம இருக்கக் கத்துத்தர்றாங்க. பணம் கட்டிட்டேன்."

"தப்பில்லையா?"

"பட்டை கையில இருக்கணும்னுதான் போட்டிருக்கு. யார் கையிலன்னு எங்கயாவது போட்டிருக்கா? சும்மா வேண்டாம், அபராதத்துல பாதி உனக்குத் தர்றேன்."

சின்னவள் விதிகளை வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். யார் கை என்று எங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

மறுவாரம் எளிமையின் தோழிகள் வந்தார்கள். பிறகு பக்கத்து விடுதியிலிருந்து வந்தார்கள். பிறகு முகம் தெரியாத பையன்கள் விடுதிக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். காவலாளி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நேர்மையாகச் சேர்த்தார். சலவைக்கடை அக்காகூட ஒரு முதலாண்டுப் பெண்ணை அனுப்பினாள். ஒல்லியான பெண், இரட்டைச் சடை. "உங்க இடத்துல நான்தான் அக்கா இஸ்திரி போடறேன்," என்றாள். "நாலு மணிக்கு அங்க இருக்கணும். என் பட்டையையும் வெச்சுக்கறீங்களா? கூலியில கொஞ்சம் தர்றேன்."

சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டாள்.

நாளாக நாளாக இரண்டு கைகளிலும் முழங்கைவரை நீலப்பட்டைகள் ஏறின. மடக்கினால் கை மடங்காது. நான்கு மணிக்கு அவள் இயந்திரத்தின் முன் நின்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். "நீங்கள் இப்போது சுதந்திரமாக இருக்கிறீர்கள், நீங்கள் இப்போது சுதந்திரமாக இருக்கிறீர்கள்," என்று இயந்திரம் மூச்சுவிடாமல் சொல்லும். பிறகு பஞ்சுமூட்டையில் புதைந்து, கம்பி வழியாக எதிர்ச்சாரியில் சலவைக்கடை ஆவியைப் பார்த்துக்கொண்டு ஆறு மணிவரை எல்லாருக்காகவும் சுதந்திரமாக இருப்பாள்.

சுதந்திர அலுவலர் அறைப் பக்கமே வருவதில்லை. அவருடைய மேசையில் ஒரு திரை இருந்தது. அதில் வருகை நூற்றுக்கு நூறு என்று காட்டியது. நேரில் போய்ப் பார்த்து அதைக் கெடுத்துக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

நூற்றுக்கு நூறு என்ற செய்தி மேலே போனது. மேலிடத்துக்கு நம்ப முடியாத மகிழ்ச்சி. மகிழ்ச்சியைவிட நம்ப முடியாமைதான் தூக்கலாக இருந்திருக்க வேண்டும்; ஒருநாள் மாலை நாலேகாலுக்கு ஆய்வுக்குழு வந்து நின்றது. தலைவி ஒரு அம்மையார். அவருக்குப் பின்னால் சுதந்திர அலுவலர், அவருக்கு முன்னால் அவருடைய வியர்வை.

அறையில் பஞ்சுமூட்டைகள் இருந்தன. பறவைப் படம் இருந்தது. நடுவில் சின்னவள் எழுந்திருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். கைகள் மடங்காததால் ஊன்றவும் முடியவில்லை.

"மத்தவங்க எங்க?" என்றார் அம்மையார்.

சின்னவளுக்குப் பெரியப்பாவின் ஸ்டூல் கண்முன்னால் வந்து நின்றது. பொய் சொல்லலாமென்றால் கூச்சம். "வெளியில, மேடம்."

"வெளியில என்ன பண்றாங்க?"

"அவங்கவங்க இஷ்டத்துக்கு ஏதோ பண்றாங்க, மேடம்."

அம்மையார் அலுவலர் பக்கம் திரும்பினார். "அப்படின்னா பிள்ளைங்க ஏற்கனவே சுதந்திரமா இருக்காங்க. இந்த அறை எதுக்கு? நீங்க எதுக்கு?"

அலுவலருக்கு ஓய்வுபெற இன்னும் நிறைய வருடங்கள் இருந்தன. அந்த நிமிடத்தில் அவர் மூளை வாழ்நாளில் இல்லாத வேகத்தில் வேலை செய்தது.

"மேடம், அனுமதி இல்லாம இருந்தா அதுக்குப் பேர் சுதந்திரம் இல்லையே. வெளியில இருக்கறவங்க யாரும் பதிவுல இல்ல. அது வெறும் திரியறது. இந்தப் பிள்ளை ஒண்ணுதான் முறைப்படி சுதந்திரமா இருந்திருக்கு."

குழு யோசித்தது. யோசித்ததில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, பெரிய மோசடி நடந்திருக்கிறது. அதைத் தடுக்க அறை வாசலில் உடனே ஒரு கண்காணிப்பாளர் தேவை. இரண்டு, அந்தப் பதவிக்குச் சுதந்திரத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர் வேண்டும். அப்படி ஒருவர்தான் மொத்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார். மோசடியும் தகுதியும் ஒரே ஆளிடம் இருந்ததால் நிர்வாகச் செலவு மிச்சம்.

"சாப்பாடு, தங்குறது, பருவக் கட்டணம் எதுவும் நீ கட்ட வேண்டாம்," என்றார் அம்மையார். "வாசல்ல உட்கார்ந்து யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பார்த்தா போதும். பட்டையையெல்லாம் திருப்பிக் கொடுத்துடு."

உட்கார வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். பஞ்சுமூட்டையில் உட்கார்ந்தால் குற்றவாளியைத் துரத்த முடியாது.

மறுநாள் எளிமை வந்தாள். வழக்கம்போலப் பட்டையைக் கழற்றி நீட்டினாள். "என்னடீ, பதவியெல்லாம் வந்துடுச்சு? சரி, இதைப் பிடி. வகுப்புக்கு நேரமாச்சு."

"உள்ள போய் உட்காரு," என்றாள் சின்னவள்.

"மௌன வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கேன்டீ."

"உள்ளயும் பேசாம இருக்கலாம். இங்க கட்டின பணத்துலயே வந்துடும்."

எளிமை முறைத்துக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் முனகிக்கொண்டே போனார்கள். மூட்டைகள் நிரம்பின. முதன்முறையாகச் சுதந்திர அறையில் மூச்சுவிட இடமில்லை.

கடைசியாக இரட்டைச் சடைப் பெண் ஓடிவந்தாள். சட்டையில் கஞ்சி வாசனை. "அக்கா, கடையில துணி வந்து குவிஞ்சு கிடக்கு. என்னை மட்டும் விட்டுடுங்க. வேலை போச்சுன்னா நான் ஊருக்குத்தான் போகணும்."

சின்னவள் அவளைப் பார்த்தாள். பிறகு எதிர்ச்சாரியில் சலவைக்கடை ஆவியைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தாள். நாலு காலும் கெட்டியாக இருந்தது.

"விலக்கு உண்டே," என்றாள் அன்பாக. "விதியில வழி இருக்கு. நீ யாரையும் சார்ந்து இல்லைன்னு வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா."

அந்தப் பெண் ஒருமுறை சலவைக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டையை இயந்திரத்தில் காட்டினாள். இயந்திரம் வழக்கமானதைச் சொன்னது.

அன்று மாலை அம்மா போன் செய்தாள். "சாப்பாட்டுப் பணத்துக்கு என்னடி பண்றே? பெரியப்பா கேட்டுக்கிட்டே இருக்கார். ஸ்டூலைத் துடைச்சு வெச்சிருக்கார்."

"இனிமே பணமே கட்ட வேண்டாம்மா. வர மாட்டேன்னு சொல்லிடு."

"நிஜமாவா? அங்க சுதந்திரமா இருக்கியா?"

"இருக்கேன்மா," என்றாள் சின்னவள், வாசலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நிரந்தரமாக்கிட்டாங்க."