இரண்டு பக்கமும் நூற்றுக்கு இரண்டு

ராஜபாளையம்,
12-9-1988

அன்புள்ள மாப்பிள்ளை கண்ணுச்சாமிக்கு, அத்தான் சீனிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா குருவம்மாளும் சுகம். என் முட்டுவலி என்னைவிடச் சுகம். பட்டாளத்தில் உன்னை ஆண்டாள் தாயார் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

நல்ல செய்தி. உனக்கும் உன் அக்காவுக்கும் பொதுவான பூர்வீக வீட்டை, நீ அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்து எண்பதாயிரத்துக்குப் பேசி முடித்தாயிற்று. நேற்று அட்வான்ஸும் வந்துவிட்டது. தை மாதம் ஓய்வு பெற்று வந்ததும் ஒழுகாத வீடாக ஒன்று வாங்கிக் குடியேற வேண்டும் என்று எழுதியிருந்தாயே, உன் பாதிப் பணம் அதற்கு உதவும். ஆனால் தரகர் இருளப்பசாமிக்கு நூற்றுக்கு இரண்டு கொடுக்க வேண்டும். "சும்மா சுத்துறவனுக்கு எதுக்கு அத்தான் தண்டம்?" என்று போன கடிதத்தில் கோபித்திருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அந்த மனிதரைக் கண்டால் என் கை தானாகச் சல்யூட் அடிக்கப் போகிறது.

முதலில் உன் பேச்சைக் கேட்டு நானேதான் விற்கப் பார்த்தேன். வாசலில் போர்டு மாட்டினேன். சேத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வருஷம் ஏட்டாக இருந்த வாய் சும்மா இருக்குமா? பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, பணம் எப்படி வந்தது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அடுப்படி ஒழுகுமா என்று. எங்கெங்கே எவ்வளவு ஒழுகும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். குடையைப் போட்டுவிட்டு ஓடியவர் அதை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருளப்பசாமி வந்தார். அதே அடுப்படியில் அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏட்டய்யா, ஊரே தண்ணிக்கு அலையுது. இங்க வீட்டுக்குள்ளயே வருது. இதைப் போயி கொறைங்கியளே!" என்றார். வாங்குபவருக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார் பார், சஞ்சீவி மலைக் காற்றாம், அந்தக் காலத்துத் தேக்காம், விற்பவர் போலீஸில் பெரிய அதிகாரியாம். யார் வீடோ, கொடுத்து வைத்தவன் என்று எனக்கே பொறாமை வந்துவிட்டது.

வாங்குவது யார் என்று கேட்டேன். "வடக்க பெரிய வேலையில இருக்காவ. லீவு இல்ல, கடுதாசியிலயே பேசி முடிச்சாச்சு. பேரை மட்டும் கேக்காதிய" என்றார். அட்வான்ஸ் கைமாறும்வரை விற்பவர் பேர் வாங்குபவருக்கும், வாங்குபவர் பேர் விற்பவருக்கும் தெரியக்கூடாதாம். தெரிந்தால் இருவரும் நேரே பேசிக்கொண்டு இவருடைய கமிஷனை அமுக்கிவிடுவார்களாம். அந்தப் பக்கமும் நூற்றுக்கு இரண்டு வாங்குகிறார், மாப்பிள்ளை! ஒரு செங்கல்கூட அவருடையது இல்லை. ஆனால் நாலு மாதம் சைக்கிளை மிதித்து, டீக்குக்கூடச் சொந்தக் காசைப் போட்டு அலைந்திருக்கிறார். வீடு முடியாவிட்டால் ஒரு பைசா கிடையாது. திருடன் சிக்கினாலும் சிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. அந்த மனிதருக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?

ஆகையால் கோபிக்காமல் கமிஷனுக்குச் சம்மதம் எழுது. பிறந்த வீடு கைவிட்டுப் போகிறதே என்று உன் அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அது ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்
சீனிச்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இருளப்பசாமி அக்ரிமெண்டைக் கொண்டுவந்துவிட்டார். அட்வான்ஸ் கைமாறிவிட்டதால் வாங்குபவர் பேரும் அதில் இருக்கிறது. கண்ணுச்சாமி என்று உன் பேர்தான், உன் பட்டாள முகவரியோடு! அடப்பாவி, தண்டம் என்று எனக்கு எழுதிவிட்டு அவரிடமே வீடு கேட்டு எழுதினாயா? பிறந்து வளர்ந்த வீடு உனக்கே அடையாளம் தெரியாதபடி அந்த மனிதர் வர்ணித்திருக்கிறாரே! "தெரிஞ்சேவா செஞ்சீரு?" என்று கேட்டேன். "மொதக் கடுதாசியிலயே தெரியும் ஏட்டய்யா. அதுக்காக அட்வான்சுக்கு முன்னால பேரைச் சொல்ல முடியுமா? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார். எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டேன். உன் அக்கா சிரித்துச் சிரித்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். விற்றதற்கும் வாங்கியதற்கும் சேர்த்துக் கமிஷனை மணியார்டர் செய்துவிடு. எங்கெங்கே ஒழுகும் என்று உனக்கு நான் காட்ட வேண்டியதில்லை.