அம்மாவின் டேப்பில் நான் தைத்த ஓர் அங்குலம்

மருத்துவமனையே நடுங்கும் செவிலியர் திலகம், என் மூத்த அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

வீட்டின் கடைக்குட்டியும் கடைந்தெடுத்த குட்டியுமான தம்பி மிகுந்த பணிவோடு (சிரிக்காதே) எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணனின் புஜங்கள் ஆகிய அனைவரும் நலம். புஜங்கள் கூடுதல் நலம் என்பதால் மற்றவர்களுக்கு வீட்டில் இடம்தான் கொஞ்சம் குறைவு. உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் எனக்குப் பாதுகாப்பு.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மிரட்டியதும், அண்ணன் உடம்பு ஏற்றும் அந்த ஊசியை நிஜமாகவே விட்டுவிட்டான் அல்லவா? அன்று நீ போனில் சொன்னது நினைவிருக்கிறதா? "அதுவும் ஒரு போதைதான்பா. விட்ட புதுசுல மனசு ரொம்ப தடுமாறும். எல்லாரும் பக்கத்துல இருங்க." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "போதைன்னா ஆளு தள்ளாடணும்மா. இவன் நேரா நடந்தாலே நிலைக்கதவு இடிக்குது!" அண்ணனுக்கோ ரோஷம். "நான் டீ கூடத் தொடுறதில்ல. என்னைக் குடிகாரன் கணக்குல சேக்குறாளா அவ?" நீ சொன்னபடி பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்து கலாய்க்கச் சொன்னாய் என்று நினைத்துவிட்டேன்.

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அம்மாவின் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, டேப்பை எடுத்துக் கையைச் சுற்றி அளப்பானே, அந்த வழிபாடு உனக்குத் தெரியும். எண் நன்றாக இருந்தால் அன்று எனக்கு அவன் பைக் கிடைக்கும். இல்லையென்றால் பூனைகூட அந்தப் பக்கம் போகாது. ஆகவே நான் எண்ணே எழுதாத ஓர் அங்குலத் துண்டை அந்த டேப்பின் தலையில் ஒட்டுத் தைத்து, தகரமுனையைப் பழையபடி மாட்டிவிட்டேன். எதை அளந்தாலும் ஓர் அங்குலம் குறைத்துச் சொல்லும். அடிக்காமல் இருந்தால் அம்மாவே மெச்சியிருப்பாள், அப்படி ஒரு தையல்.

மறுநாள் போர்வைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அளந்தான். மறுபடி அளந்தான். மற்ற கையையும் அளந்தான். கத்துவான், துரத்துவான், ஓடலாம் என்று பார்த்தால், டேப்பை மடியில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "கரைஞ்சுடுச்சுடா. ஊசிய விட்டதும் எல்லாம் கரைஞ்சுடுச்சு." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே, அது என்ன சொன்னது தெரியுமா? "தொடையையும் அளந்து பாரேன்" என்றது. அளந்தான் அக்கா. அன்று சாயங்காலம் ஜிம்மிலிருந்து வந்தவனின் பையில் அந்த ஊசி மருந்தின் சின்னக் குப்பிகள் திரும்ப வந்திருந்தன.

இதற்கிடையில் அம்மாவுக்கு வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் மனப்பாடமா, அந்த டேப்பை வைத்து வெட்டிய துணியெல்லாம் ஓர் அங்குலம் தொளதொள. அப்பா ஸ்டூலில் ஏறி பல்ப் மாட்டும்போது புதுக் கால்சட்டை தன் பாட்டுக்கு இறங்கிவிட்டது. அம்மா தன் கண்தான் போய்விட்டது என்று கண் டாக்டரிடம் போய் வந்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, நான் இளைச்சுட்டேன்!" என்று நம் கண்ணாடி முன்னால் சுழன்று சுழன்று ஆடினார். அதே ஓர் அங்குலம்தான் அக்கா. அந்தக் கூடத்தில் அவர் ஆட, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு இவன் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பே வரவில்லை. வராமல் போவது எனக்குப் பழக்கமில்லை.

இப்போது நல்ல செய்தி. இன்று மத்தியானம் அந்தத் துண்டைப் பிரித்து எடுத்துவிட்டேன். காலையில் அளப்பான், போன அங்குலம் திரும்பி வந்திருக்கும், நானும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நாலு குத்து வாங்கிக்கொள்வேன், ஊசி குப்பைக்குப் போய்விடும். போதையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் அளவுப் பிழை. அப்பா சொன்னதே சரி. நீ லீவு போட்டு வரவே வேண்டாம். அம்மாவிடம் மட்டும் வாயைத் திறக்காதே.

உன் வார்டில் இருப்பவர்கள் அனைவரும் சீக்கிரம் குணமாகி, உன் அதட்டலிலிருந்து விடுதலை பெற்று நீடூழி வாழப் பிரார்த்திக்கும்,
தம்பி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது. அளந்தான். எண் சரியாக வந்தது. நான் துண்டைக் காட்டி உண்மையைச் சொல்லிவிட்டேன். குத்தவில்லை. "நீதானா அது" என்று லேசாகச் சிரித்தான். "அப்ப ஊசி வேணாம்ல?" என்றேன். டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். கண்ணாடி கொள்ளாத தோள் அக்கா. எனக்கு அதில் தலை வாரக்கூட இடமில்லை. "டேப்பு பொய் சொல்லிருக்கலாம்டா. இது பொய் சொல்லுமா? எவ்ளோ சின்னதா இருக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டுக் குப்பியை எடுத்தான். கண்ணாடியில் நான் எதையுமே தைக்கவில்லை அக்கா. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. லீவு போட்டுக் கிளம்பி வா.