மலையனூர் ரோட்டில் மிதந்த கல்

செஞ்சிக்காரங்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மி கல், ஆட்டுரல் கல், வேலிக்கு நட்டதும் கல். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, அதுவும் கல். தடுக்கி விழுவது கல்மேல். எழுந்து உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வதும் கல்மேல்தான். அப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு ஆள் ஒரே ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பிழைக்க வந்தான், கண்ணுங்களா. நன்றாகவே பிழைத்தான்.

எப்படி என்கிறீர்களா? அவன் கல் மிதந்தது.

மேல்மலையனூர் போகிற ரோட்டில், முன்னே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கொட்டகைதான் சந்நிதி. நடுவில் கண்ணாடித் தொட்டி. அதில் தேங்காய் அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கல், பந்து மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீல வேட்டியும் சங்கு மாலையுமாகக் கடல்நாத சாமி. வாசலில் பெரிய பிளெக்ஸ்: ‘கல்லே மிதக்கும் இடத்தில் கவலை ஏன்?’

நியாயமான கேள்விதானே! அமாவாசைக்கு மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் அங்கே நிற்க ஆரம்பித்தன. “மிதக்குற கல்லு எறங்கறவங்கெல்லாம் எறங்கு!” என்று கண்டக்டரே குரல் கொடுத்தார். ரத்தினம்மாளின் மாடு பால் கறந்தது கல்லால்தான். கோவிந்தசாமியின் போர்வெல்லில் தண்ணீர் வந்ததும் கல்லால்தான். முந்தின வாரம் கொட்டோ கொட்டென்று கொட்டிய மழைக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. பரீட்சையில் பாஸான பிள்ளைகள் கல்லோடு செல்பி எடுத்துப் போட்டார்கள். பெயிலான பிள்ளைகள் போடவில்லை. அதனால் யாருமே பெயிலாகவில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

“வங்கக் கடல் நடுவுல ஆயிரம் வருஷம் தவம் கெடந்த கல்லு. பாவத்தை விட்டுச்சு, பாரமும் விட்டுச்சு” என்பார் சாமி. கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

தொட்டித் தண்ணீர்தான் தீர்த்தம். அதைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டிக் கொடுப்பார்கள். முனையைக் கடித்து உறிஞ்சிவிட்டுப் பாக்கெட்டைக் கீழே போட வேண்டியது. காற்று அடித்தால் அது வாய்க்காலுக்குப் போகும். அப்புறம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. காணிக்கை கொடுத்தவர்கள் குப்பையைப் பற்றியும் யோசிக்க வேண்டுமா, பாவம்!

ஒரே ஒரு பத்தியம். தீர்த்தம் குடிக்கிறவர்கள் மருந்து மாத்திரை தொடக்கூடாது. தொட்டால் கடலம்மா கோபித்துக்கொள்வாள். கடலம்மாவுக்கு உலகத்தில் வேறு யாரோடும் சண்டை இல்லை. மெடிக்கல் ஷாப்போடு மட்டும்தான்.

இந்தப் பத்தியத்தில்தான் நாகம்மாள் மாட்டிக்கொண்டாள். நாற்று நட்டுக் களை பறித்து ஒற்றை ஆளாகப் பெண்ணைப் படிக்க வைத்தவள். வாய்க்குப் பயந்து வட்டிக்காரனே சுற்றிக்கொண்டு போவான். அப்படிப்பட்டவளுக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வேளை ஊசி. ஊசி என்றால் மட்டும் அவளுக்குக் குலை நடுங்கும். ‘மருந்து வேண்டாம்’ என்று ஒரு சாமி சொன்னதும், அவருக்கு ஒரு கோயிலே கட்டலாம் என்று தோன்றியிருக்கும். ஊசி மருந்து ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. காலில் இருந்த சின்னக் கொப்புளம் புண்ணாகிக் கறுத்தது.

மகள் கலைச்செல்விக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை. கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“எம்மா, விரலு இன்னா கலர்ல இருக்குது பாரு! இன்னும் கொஞ்ச நாள் ஊசி போடாம இருந்தா காலையே எடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரும்மா.”

“அவரு சொல்லுவாரு. அவருக்கு யாவாரம் ஆவணும்ல?”

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரிம்மா. ஊசி சும்மா குடுக்கறாங்க. அதுல இன்னா யாவாரம்?”

“கல்லே மிதக்குதுடி! என் சக்கரை எறங்காதா?”

இதற்கு எந்த டாக்டர் பதில் சொல்வார், சொல்லுங்கள்? கலைச்செல்வி அழுது பார்த்தாள். சோறு தின்னாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில், “சரி, அந்தக் கல்லை நானும் பாக்கறேன். வா” என்று அமாவாசையன்று அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள்.

கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. வரிசையில் நகர நகரக் கலைச்செல்வியின் கண் அந்தக் கொட்டகையையே சுற்றியது. கல்லுக்கு மாலை இருந்தது, மஞ்சள் இருந்தது. என்னவோ ஒன்று குறைந்தது. அப்புறம்தான் பிடிபட்டது. சந்நிதியில் ஒரு அகல் விளக்குகூட இல்லை. பேட்டரியில் மினுக்குகிற பொம்மை விளக்குகள்தான். ஆரத்தித் தட்டிலும் அதேதான்.

அவள் அம்மாவின் காதோடு பேசினாள். “எம்மா, உனக்காக நான் வேண்டிக்கிறேன். அந்தக் கல்லு மேலயே ஒரு கட்டி சூடம் ஏத்தணும். கல்லு கல்லாவே இருந்தா, இனிமே ஊசிப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லன்னா...”

“இல்லன்னா?”

“நேரா ஆஸ்பத்திரி.”

நாகம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்கு இப்போதாவது பக்தி வந்ததே! “நானே ஏத்தறேன், வா” என்றாள்.

சாமியிடம் கேட்டதும் சங்கு மாலை ஒரு குலுங்கு குலுங்கியது.

“கடலம்மாவுக்குக் குளிர்ச்சிதான் புடிக்கும் தாயி. நெருப்பு ஆவாது.”

கலைச்செல்வி அவரோடு வாதம் பண்ணவில்லை. பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். “ஏங்க்கா, சூடம் வாங்கிக்காத சாமிய எங்கனா பாத்திருக்கீங்களா?”

ரத்தினம்மாள் யோசித்தாள். “ரோட்டோர நடுகல்லு கூட வாங்கிக்குமே!”

“அடுப்புல மூணு கல்லு வெச்சு வருஷக் கணக்கா சோறு ஆக்கறோம்” என்றாள் இன்னொருத்தி. “அது ஒண்ணும் கோவிச்சுக்கலியே.”

“வேண்டிக்கிட்டதை நிறுத்தினா தெய்வக் குத்தம் ஆயிடும் சாமி!” என்று கோவிந்தசாமி முன்னால் வந்தார். சாமிக்கு விசிறி வீசுகிற முதல் பக்தர் அவர். “கல்லோட மகிமையை எல்லாரும் பாக்கட்டுமே. டேய், வீடியோ எடுங்கடா!”

கவனித்தீர்களா, கண்ணுங்களா? சாமியை மாட்டிவிட்டது நாத்திகம் இல்லை. முழுசான, கலப்படம் இல்லாத பக்தி.

சாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். நாகம்மாள் நெருங்கினாள். வட்டிக்காரனையே விலக வைத்த ஆள், சாமியும் விலகினார். கல்லின் மேல்பக்கம் ஈரமில்லாமல் இருந்தது. சூடத்தை வைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஏற்றினாள்.

“கடலம்மா தாயே!” என்று கூட்டம் கும்பிட்டது.

சூடம் எரிந்து அடங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அடங்கவில்லை. தீ பெரிசானது. கறுப்புப் புகை சுருண்டு எழுந்தது. கல்லிலிருந்து ஏதோ சொட்டித் தண்ணீரில் விழுந்து ‘சொய்ங்’ என்றது. கூடவே ஒரு நாற்றம்.

எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்த்தார்கள் தெரியுமா? ரோட்டை!

“எவன்டா அவன் இந்நேரத்துல குப்பையைக் கொளுத்தறது?” என்று கத்தினார் கோவிந்தசாமி.

சாயங்காலமானால் தெருத் தெருவாக வருகிற அந்த நாற்றம் யாருக்குத் தெரியாது! ரோட்டில் குப்பை எதுவும் எரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் தொட்டிப் பக்கம் திரும்பியது. கல் அரைவாசி இளகிச் சாய்ந்திருந்தது. உள்ளேயிருந்து நீல நிற வலைக்கயிறு நான்கைந்து இழை எட்டிப் பார்த்தது. அதோடு ஒரு பாட்டில் மூடி.

ஆயிரம் வருஷம் தவம் கிடந்த பாட்டில் மூடி.

கோவிந்தசாமி விசிறியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். சாமி மூலையில் ஒடுங்கி, “அடிக்காதீங்க, சொல்லிடறேன்!” என்று அலறினார். சொந்தப் பெயர் இளையபெருமாளாம். மரக்காணம் பக்கத்துக் கடலோரத்தில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தவராம்.

“கரையில ஒதுங்கற பிளாஸ்டிக்கைக் குவிச்சுக் கொளுத்துவாங்க. உருகி மண்ணோட கட்டியாயிடும். அலை அதை இழுத்துட்டுப் போயி உருட்டு உருட்டுன்னு உருட்டி, கூழாங்கல்லு கணக்கா திருப்பித் தள்ளும். மொதல்ல நானே கல்லுன்னுதான் நெனச்சேன்.”

“ஊரை ஏமாத்தக் கல்லு பண்ணியாடா நீ?”

“நான் எங்கய்யா பண்ணேன்? பொறுக்கினேன், அவ்ளோதான். பண்ணது நீங்க. மழை வந்தா உங்க சங்கராபரணி ஆத்துல இன்னா இன்னா வருதுன்னு கடல்ல வந்து பாருங்க. மீன் வலையில பாதி உங்க கவருதான்.”

கூட்டம் கால் மாற்றி நின்றது. காலுக்கடியில் கிடந்த காலிப் பாக்கெட்டுகள் மிதிபட்டுச் சரசரத்தன.

கோவிந்தசாமிக்குத்தான் முதலில் ரோஷம் திரும்பியது. “இந்தக் கருமம் இனிமே ஊர்ல இருக்கக் கூடாது. கல்லு, தொட்டி, பாக்கெட்டு எல்லாத்தையும் அள்ளுங்க. கொண்டுபோயி ஆத்துல தள்ளுங்க!”

“தள்ளுங்க, தள்ளுங்க!” என்றது கூட்டம்.

“ஆத்துலயா?” என்றாள் கலைச்செல்வி.

கோவிந்தசாமி ஆற்றுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, காலடியில் கிடந்த பாக்கெட்டைப் பொறுக்கி, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். ரத்தினம்மாள் மட்டும், “நம்ம நாகம்மா சக்கரைய வாங்கிக்கிட்டுத்தான் கல்லு உருகிச்சோ என்னவோ” என்று முணுமுணுத்தாள். எல்லாருக்கும் ஒரே நாளில் தெளிந்துவிடுமா?

ஆட்டோவில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் நாகம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, அப்போ நான் இத்தினி நாளா குடிச்சது?”

“கவர் கழுவின தண்ணி.”

நாகம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு டிரைவரின் முதுகைத் தட்டினாள். “ஆஸ்பத்திரிக்கு வுடுப்பா, வேகமா. ஏ கலை, ஊசி போடறப்ப என் கையப் புடிச்சுக்கோ. நான் கத்தினா சிரிக்கக் கூடாது.”

கத்தினாள். கலைச்செல்வி சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். கால் தப்பித்தது. புண் ஆற மூன்று மாதம் பிடித்தது.

கொட்டகை இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. வேறு ஒருவன் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வரத்தான் போகிறான். நீங்களும் போவீர்கள், எனக்குத் தெரியும். போங்கள், கண்ணுங்களா. வேண்டிக்கொண்டு மொட்டைகூடப் போட்டுக்கொள்ளுங்கள், முடி திரும்ப முளைக்கும். புத்தியை மட்டும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.