மறதிக்காரக் கம்ப்யூட்டர்

"இன்னிக்கு 2005 ஜனவரி ஒண்ணாம் தேதியாம்! மூஞ்சியைப் பாரு!" லோர்னா கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மனிடோபா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் கிளப்பின் ஆபீஸ். லோர்னாதான் அதற்குச் செக்ரெட்டரி. மாகாணப் போட்டிக்கு இன்று காலைதான் பதிவு தொடங்கியிருந்தது. முந்திக்கொள்ளும் பதினாறு அணிகளுக்கு மட்டுமே இடம். மூன்று வருஷமாக லோர்னாவின் பெண்கள் அணி பிந்திப் போய் ஏமாந்துகொண்டிருந்தது.

மின்னஞ்சலை எழுதி, 'அனுப்பு' என்பதை அமுக்கினாள். அது வெளியே போகாமல் உள்ளேயே தேங்கி நின்றது. 'உங்கள் தேதி தவறு' என்று ஒரு கட்டம் வந்து வழிமறித்தது.

வின்னிபெகில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஓரெஸ்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். இன்னிக்கு என்ன தேதி, எந்த டிஸ்க்குலேர்ந்து கிளம்பணும், இதெல்லாம் ஒரு சின்ன சிப்புல பதிஞ்சிருக்கு. கரண்ட் இல்லாதப்ப அது மறந்துடாம பாத்துக்கறது அந்தப் பேட்டரிதான். அது செத்துப்போச்சு."

"இப்ப என்னடா பண்றது?"

"ஆன் பண்ணதும் F2 அமுக்கு. நீலமா ஒரு திரை வரும். தேதியை மட்டும் மாத்து. வேற எதையும் தொட்டுடாதே."

தொடாதே என்று சொன்னாலே லோர்னாவுக்குக் கை அரிக்கும். தேதியை மாற்றினாள். கீழே 'டிஸ்க் வரிசை' என்று ஒன்று இருந்தது. அதையும் மாற்றி வைத்தாள். கம்ப்யூட்டர் 'டிஸ்க்கைக் காணோம்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"தொட்டியா?"

"லேசா."

"நாசமாப் போச்சு! பிளக்கைப் பிடுங்கிட்டு, பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வை. நீ பண்ண கூத்தையெல்லாம் மறந்துடும். அப்புறம் புதுப் பேட்டரி போட்டுத் தேதி வை."

திங்கட்கிழமை ஊரில் கடை கிடையாது. ஆணியில் கிளப் தலைவர் மர்டோவின் கோட் தொங்கியது. கோட்டில், அமுக்கினால் டிரக்கைத் திறக்கும் ரிமோட் சாவி. சாவிக்குள் அதே அளவில் பேட்டரி. மர்டோ உள்ளே மும்முரமாகக் கல் தள்ளிக்கொண்டிருந்தார். லோர்னா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு திருடினாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. தேதியும் சரியானது. புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதி அமுக்கினாள், பறந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. மீசையெல்லாம் பனியாக மர்டோ நின்றார்.

"மைனஸ் இருபத்தெட்டுல டிரக் திறக்க மாட்டேங்குது! என் சாவியில யாரு கை வெச்சது?"

"நான்தான். பேட்டரி இதுக்குள்ள இருக்கு."

"அம்மா தாயே, எடுத்துக் குடு!"

"எடுத்தா இது எல்லாத்தையும் மறந்துடும், மர்டோ!"

"நான் வெறைச்சுச் செத்தா பரவாயில்லையா?"

போன் அடித்தது. மாகாணச் சங்கத்திலிருந்து பிரிஜிட் என்ற பெண்.

"லோர்னாங்களா? உங்க மெயில் பதினேழாவதா வந்துச்சுங்க."

இந்த வருஷமும் போச்சு. லோர்னா கம்ப்யூட்டரை அணைத்து, பேட்டரியை நோண்டி எடுத்து மர்டோவின் கையில் வைத்தாள். காதில் போனோடு, கண்ணில் பொலபொலவென்று கொட்ட, விக்கி விக்கி அழுதாள். மர்டோவுக்கே என்னவோ போலாகிவிட்டது.

"அட, அழாதீங்க, நான் இன்னும் முடிக்கலை," என்றாள் பிரிஜிட். "அதுகூடவே தேங்கிக் கிடந்த இன்னொரு மெயிலும் வந்துச்சு. நாங்க அனுப்பின தேதிப்படிதான் அடுக்குவோம். இருபது வருஷம் முன்னாடியே, 2005 ஜனவரி ஒண்ணாம் தேதியே கேட்டவங்களுக்கு முதல் இடம் குடுக்காம வேற யாருக்குங்க குடுக்கறது?"