பிடரித் தசையும் அறுவடைக் கூலியும்

பேச்சுவார்த்தைக்குப் படித்தவன் ஒருவன் கூட இருப்பது நல்லது என்று யாராவது சொன்னால், நான் மெல்ல எழுந்து போய்விடுவேன்.

அப்போது தஞ்சாவூரில் மருத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். (எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.) திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் கூலித் தகராறில் அறுவடை நின்று, முற்றிய கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. தாசில்தார் வந்து இரு தரப்பையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார். ஒரு பக்கம் மிராசுதார். எதிரே தொழிலாளர் சங்கத் தலைவரான என் அப்பா, பக்கத்தில் நான். எங்கள் பக்கம் கேட்டது, அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதல். (பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.)

"டாக்டருக்குப் படிக்கிறான் எம் புள்ள. அவன் சரின்னா எங்களுக்கும் சரிதான்" என்று அப்பா பெருமையாக அறிவித்தார்.

எனக்கோ மறுநாள் உடற்கூறு வாய்மொழித் தேர்வு. மண்டையோட்டுக்கு அடியில், பிடரியில், ஒரு சின்னத் தசை உண்டு. கழுத்தின் முதல் எலும்பிலிருந்து மண்டையின் அடிவரை ஓடி, குனிந்த தலையைப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்துவது அதன் வேலை. பிடரியில் விரலை அழுத்தி, தலையைக் குனிந்தும் நிமிர்த்தியும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்ப பழைய கூலியே இருக்கட்டுமா?" என்று மிராசுதார் கேட்டது என் காதில் விழவே இல்லை.

"தம்பி சரின்னுட்டாரு" என்று தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

வாசலில் நின்ற தொழிலாளர் கூட்டம் உறுமியது. பாதிப் பேர் கையில் அரிவாள். (கதிர் அறுக்கத்தான், இருந்தாலும்.)

"ஐயோ, நான் சம்மதிக்கலீங்க! தசையைப் பாத்துட்டிருந்தேன்!"

"எந்தத் தசை?" என்றார் தாசில்தார்.

நாக்குழற விளக்கினேன். மிராசுதார் நாற்காலியை முன்னுக்கு நகர்த்தினார். "எனக்கு அங்கதான் தம்பி ரொம்ப நாளா வலி. இங்கயா?" விரலை வைத்து அவரும் தலையை ஆட்டத் தொடங்கினார்.

அப்பா சட்டென்று புகுந்தார். "அப்ப அரை மரக்கால் கூட்டிக்கலாமுங்களா?"

"ஆமா, ஆமா, இழுக்குது..."

வாசலில் சிரிப்பு வெடித்தது. மிராசுதார் முதலில் முறைத்தார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

"ரெண்டு தலையும் ஆடுனது செல்லாது. கால் மரக்கால் கூட்டி முடிச்சுக்குங்க" என்றார் தாசில்தார். முடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே வயலில் ஆள் இறங்கியது.

தேர்வில் அந்தத் தசையை யாரும் கேட்கவில்லை. முழங்காலைக் கேட்டார்கள்.

"இவன் கழுத்து சும்மா இருந்திருந்தா முழுசா அரை மரக்கால் வந்திருக்கும்" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், நாள் குறிக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். உள்ளேயிருந்து என் மனைவி அவசரமாக ஓடிவந்தாள்.

"அவரு தலைய ஆட்டுனா கணக்குல எடுத்துக்காதீங்க. வாயத் தொறந்து சொல்லட்டும்."