கடற்பசுவின் தலையை நிமிர்த்தியவர்

ஆலோசனைக்காரர் என்றோர் இனம் எங்கள் குடாநாட்டில் செழித்து வாழ்கிறது. நீங்கள் கிணறு வெட்டி, தண்ணீர் கண்டு, கட்டும் கட்டி முடித்த அடுத்த நாள் வந்து, கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கலாம் என்று சொல்பவர் அவர். கலியாண வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே, மாப்பிள்ளையை வேறு இடத்தில் பார்த்திருக்கலாம் என்பார். செத்த வீட்டில், காலமானவர் எந்த டொக்டரிடம் போயிருந்தால் காலமாகியிருக்கமாட்டார் என்பதை, அழுதுகொண்டிருக்கும் மனைவியிடமே விளக்குவார். தன் கையால் ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார். அசைத்தால்? அதைத்தான் சொல்லவருகிறேன்.

நீர்வேலி வாகீசன் ஏதோ ஒரு திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவர்; பென்சன் வந்த பிறகு மற்றவர்கள் வாழ்வதைத் திருத்தத் தொடங்கினார். வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே நேரம் இருந்தது. உலகமோ பிழைகளால் நிறைந்திருந்தது. மனைவி தயாளினிக்கு மட்டும் இதில் ஒரு பயிற்சி வந்திருந்தது. சரியான இடைவெளி விட்டு "ஓம்" சொல்லிக்கொண்டே வேறெதையாவது யோசிக்க அவரால் முடியும்.

ஒரு சனிக்கிழமை இருவரும் மயிலிட்டிக்கு மீன் வாங்கப் போனார்கள். திரும்பும் வழியில், கரையோரக் கிராமம் ஒன்றில், பழைய வள்ளத்துப் பலகையில் யாரோ சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள்: "கடற்பசு அறுங்காட்சியகம்".

"இஞ்சேருங்கோ, ஒருக்கா எட்டிப் பாப்பமே?" என்றார் தயாளினி.

வாகீசன் அதற்குமுன்பே காரை நிறுத்திவிட்டார். கடற்பசுவுக்காக அல்ல. சின்ன 'ரு' வரவேண்டிய இடத்தில் பெரிய 'று' நின்றது. அப்படியொன்றைக் கண்ட பிறகு அவரால் எப்படிப் போகமுடியும்?

உள்ளே ஒரே ஓர் அறை. ஒரு காலத்தில் மீனுக்கு ஐஸ் போட்டு வைத்த அறை. கடற்பசு மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் மிருகம். கடலடியில் புல் மேய்ந்து, மூச்சு விட மேலே வந்து போகும் சாதுவான, பெரிய உடம்புக்காரி. அந்த அறையில் அதன் எலும்புக்கூடு முழுதாகத் தொங்கியது. கூரை வளையிலிருந்து இறங்கிய தங்கூசி நூல்கள், மீன் பிடிக்கும் நைலோன் நூல்கள், அதைத் தாங்கி நின்றன. சுவரில் சில படங்கள். ஒரு போத்தலில் கடற்புல். கீழே ஒரு சிறு பலகை: "இது என்ரை வலையில் பட்டுச் செத்தது. கனகலிங்கம்."

கனகலிங்கத்தின் மனைவி மகாதேவி விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு முன்னே வந்தார். "வாங்கோ ஐயா, வாங்கோ அக்கா. உதிலை நிண்டு பாருங்கோ."

வாகீசன் பார்த்தார். பார்ப்பது என்றால், வாய் திறப்பதற்கு முந்திய சிறு இடைவெளி.

"தங்கச்சி, வெளியிலை போர்ட்டிலை எழுத்துப் பிழை. யன்னல் கிழக்காலை இருந்திருக்கவேணும். உந்தப் போத்தல் ஜாம் போத்தல் எல்லே? ஆக்கள் சிரிப்பினம். மற்றது, உந்தப் பலகையைக் கழட்டுங்கோ."

"எந்தப் பலகை ஐயா?"

"வலையிலை பட்டுச் செத்தது எண்டு ஆரும் எழுதுவினமே? வெளிநாட்டுக்காரர் வந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? கரை ஒதுங்கினது எண்டு போடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

மகாதேவியின் முகம் கொஞ்சம் இறுகியது. "எங்களுக்குத் தெரியுமே ஐயா. அதுக்காகத்தானே இதையே வைச்சிருக்கிறம். அண்டைக்கு அவர் வலையை இழுக்கேக்கை..."

"அதை விடுங்கோ," என்றார் வாகீசன். பிறர் கதை அவருக்கு ஆகாது. "பெரிய பிழை ஒண்டு சொல்லட்டே? தலை குனிஞ்சு நிக்குது. தமிழன்ரை கடலிலை இருந்த மிருகம் தலை குனிஞ்சு நிக்கலாமே?"

"அது புல்லுத் தின்னுற மிருகம் ஐயா. குனியாட்டிச் சாப்பாடில்லை."

தயாளினி சிரித்துவிட்டார். வாகீசன் சிரிக்கவில்லை. மகாதேவி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடப் பின்பக்கம் போனார். போனதும் நம்மவர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினார்.

"இஞ்சேருங்கோ, தொடாதேங்கோ!"

"நீ சும்மா இரு. உவைக்கு ஒருத்தர் செய்து காட்டவேணும்."

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் தன் ஆலோசனையைத் தானே நிறைவேற்றினார். தலையைத் தாங்கிய முடிச்சை அவிழ்த்தார். தலை நிமிரவில்லை. கழுத்திலிருந்து வால்வரை ஒவ்வொரு முள்ளெலும்புக்குள்ளாலும் ஓடியது அதே தங்கூசிதான். அது அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓட, தலை விழுந்தது, கழுத்து விழுந்தது, பிறகு விலா எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, பாரமான அந்த எலும்புகள், சீமெந்துத் தரையில் தேங்காய் விழுவதுபோல் விழுந்தன. கடைசியாக வால். அதன் பிறகு, கதிரையில் வாகீசன் மட்டும் நிமிர்ந்து நின்றார்.

"பாத்தியே?" என்றார் மனைவியிடம். "முடிச்சுச் சரியில்லை எண்டு நான் அப்பவே நினைச்சனான்."

வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கனகலிங்கம் ஓடிவந்தார். வாசலில் நின்றார். ஒருவரையும் ஏசவில்லை. தரையில் குந்தி, வெடித்துப்போன ஒரு விலா எலும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒருக்காச் செத்தது போதாதே ஐயா?"

வாகீசனின் காது சுட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல் உண்மையாகவே அவர் தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த நாக்குக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. ஆகவே அது வெளியே வரும்போது இப்படி வந்தது: "இனிமேல் கம்பி போட்டுக் கட்டுங்கோ. தங்கூசி சரிவராது."

பின்னேரம் தென்மராட்சியிலிருந்து மாதர் சங்கத்து பஸ் ஒன்று வர இருந்தது. கனகலிங்கமும் மகாதேவியும் எலும்புகளை வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். தயாளினி சீலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்தார். வாகீசன் கதிரையில் உட்கார்ந்து சேர்ந்தார். பெரியதை முன்னுக்குப் போடச் சொன்னார். இல்லை, பின்னுக்கு. கீழே சீமெந்து மேடை கட்டினால் தூக்கவே தேவையில்லை என்றார். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கனகலிங்கம் விலா எலும்புகளை மாறிக் கோத்துவிட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் உருவினார்.

மகாதேவி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, உங்கடை ரெண்டு கையும் வேணும். முதுகெலும்பை உப்பிடித் தாங்கிப் பிடியுங்கோ. தங்கூசி நுனி நழுவுது, அதைப் பல்லாலை கடிச்சுக்கொள்ளுங்கோ. விட்டியளோ, எல்லாம் திரும்ப விழும்."

நுனியைக் கட்டிவிடச் சுவரில் நல்லதொரு ஆணி இருந்தது. தயாளினி அந்த ஆணியைப் பார்த்தார். மகாதேவியைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த எலும்பை எடுத்தார்.

அறை அமைதியானது. எலும்புகள் ஒழுங்காக ஏறத் தொடங்கின.

பஸ் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டது. பெண்கள் உள்ளே நுழைந்து கடற்பசுவையும், அதைக் கையில் ஏந்தி வாயில் நூலோடு நின்ற பெரிய மனிதரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"உவர் நீர்வேலி டிரெக்டர் ஐயா எல்லே?"

"ஓமடி. பென்சன் காணாதாக்கும், பாவம். இஞ்சை வேலைக்கு நிக்கிறார் போலை."

வாகீசன் "ம்ம்ம்!" என்றார். அதைப் பணிவான வணக்கமாக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சங்கத் தலைவி எலும்புக்கூட்டைச் சுற்றிவந்து சொன்னார்: "தலையைக் கொஞ்சம் நிமித்திக் கட்டியிருக்கலாம்." வாகீசன் கண்கள் பிதுங்கத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இப்படியும் ஒரு மடைத்தனமான ஆலோசனையா!

கனகலிங்கம் கட்டியபடியே பெண்களுக்குக் கதை சொன்னார். வலையை மேலே இழுத்தபோது அது மூச்சு முட்டிச் செத்திருந்தது. தாய் மிருகம். கைச்செட்டைக்குக் கீழே, மனுசிக்கு இருக்கிற மாதிரி, முலை. அதில் பால் கசிந்துகொண்டிருந்தது. "குட்டி எங்கடை வள்ளத்தைச் சுத்திச் சுத்தி வந்தது அம்மா. நாங்கள் கரைக்கு வர அதுவும் பின்னாலை வந்தது. தண்ணி குறையுமட்டும் வந்தது." இறைச்சி கேட்டுக் கத்தியோடும் சட்டியோடும் ஆட்கள் நின்றார்கள். அவர் ஒருவருக்கும் கொடுக்காமல் மணலில் புதைத்தார். பிறகு தோண்டி, அனுமதி எடுத்து, இங்கே கொண்டுவந்து தூக்கினார். "இதைப் பாத்தவன், வலையிலை இன்னொண்டு பட்டால் வலையை வெட்டி விடுவான். போன மாரியிலை ஒருத்தன் வெட்டி விட்டவன்."

பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாகீசனும் கேட்டார். ஒரு மனிதர் சொன்ன கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இடைமறிக்காமல் அவர் கேட்டது எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அன்றுதான். அவர் கண்கள் கலங்கின. தங்கூசி பல் முரசை அறுத்தது என்று பிற்பாடு சொன்னார்.

ஐயோ, மனிதர் திருந்திவிட்டாரே என்று பயப்படாதீர்கள். கடைசி முடிச்சும் விழுந்தது. மகாதேவி அவர் வாயிலிருந்து நுனியை வாங்கினார். வாகீசன் தாடையைத் தடவிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"குட்டியைப் பிடிச்சு ஒரு தொட்டியிலை வளத்திருக்கலாம்."

கனகலிங்கம் வலை பொத்தப் போய்விட்டார்.

இப்போது நீர்வேலியில் கேட்டால், அந்த அருங்காட்சியகத்தைத் தூக்கி நிறுத்தியவரே வாகீசன்தான். தயாளினி மட்டும் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துத் தனியே அங்கே போகிறார். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார். "என்னப்பா, எந்த பஸ்ஸிலை போறாய்? நான் சொல்லுறதைக் கேள்..." என்று வாகீசன் தொடங்கும்போது தயாளினி வாசற்படலையைத் தாண்டிவிடுகிறார்.

வாசகரே, நீங்கள் அந்த இனமல்ல, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சின்னக் கேள்வி. இதை வாசிக்கையில், மகாதேவி அந்த இருவரையும் தனியே விட்டுத் தேத்தண்ணி போடப் போயிருக்கக்கூடாது என்று எந்த வரியில் நினைத்தீர்கள்? அவசரமில்லை, ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். ஆலோசனைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்குகிறார்களாம். எல்லாப் பதவியும் காலி. தலைவர் பதவிக்கு மட்டும் ஆள் இருக்கிறார்.